வைத்தியத்துக்குப் போனவள்

சென்னை
20-2-1956

அன்புள்ள அத்தானுக்கு,

நேற்று ஞாயிற்றுக்கிழமை உங்கள் சித்தப்பா மகன் தங்கப்பாண்டி என்னைப் பார்க்க விடுதிக்கு வந்திருந்தார். ஏலக்காய் லோடு விஷயமாகப் பட்டணம் வந்தவர், அத்தை கொடுத்துவிட்டதாக எள்ளுருண்டையும் ஒரு பொட்டலம் திருநீறும் கொண்டுவந்தார். பார்வையாளர் அறையில் என்னோடு வேலை பார்க்கும் பெண்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டு, "எந்த ஆஸ்பத்திரில காட்டுறீக மதினி? கத்தி வைக்கணும்னு சொல்லிட்டாகளா?" என்று கேட்டார்.

யாரையோ நினைத்துக்கொண்டு கேட்கிறார் என்று நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அத்தை தினமும் விளக்குப் போடுவதாகவும், இந்த வருடம் எப்படியும் என் வயிற்றில் ஒன்று தங்கிவிடும் என்று ஊரே வேண்டிக்கொள்வதாகவும் சொன்னார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் பிள்ளை வரத்துக்கு வைத்தியம் பார்க்கப் பட்டணம் வந்திருப்பதாகப் போடியில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "ஊசி போடுறாங்க தம்பி. பரவாயில்ல" என்றேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் ஊருக்கு வந்ததும் கடைவீதியில் உங்களைப் பொய்யன் என்பார்கள். அதை நினைத்துத்தான் சொன்னேன். அவர் போனபிறகு அந்த அறையில் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கத்து அறைப் பெண் மட்டும், "உனக்கு உடம்புக்கு என்ன?" என்று மெதுவாகக் கேட்டாள்.

நான் இங்கே வந்த காரணம் உங்களுக்குத் தெரியாததல்ல. கல்யாணத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்த ஆராய்ச்சிக்குப் போன வருடம் டாக்டர் பட்டம் வந்தது. பட்டம் வாங்கியவர்களில் ஒருவரைப் பல்கலைக்கழகம் தேர்ந்தெடுத்து, ஒரு வருடம் பேராசிரியரின் கீழ் தனி ஆராய்ச்சி செய்யச் சொல்கிறது. இந்த வருடம் என்னைத் தேர்ந்தெடுத்தது. ஏலச்செடியில் வரும் தேமல் நோயைத்தான் எடுத்துக்கொள்ளப்போகிறேன் என்றபோது, "நம்ம மலைக்கு நல்லதுதானே, போயிட்டு வா" என்று ரயிலேற்றிவிட்டதும் நீங்கள்தான். அத்தை அப்போது மகள் பிரசவத்துக்குத் தேவாரம் ஊருக்குப் போயிருந்தார்கள். நான் சொல்லிக்கொள்கிறேன் என்றீர்கள்.

என்ன சொன்னீர்கள், அத்தான்?

சந்திரவல்லி


போடிநாயக்கனூர்
2-3-1956

அன்புள்ள சந்திராவுக்கு,

உன் கடிதம் கிடைத்துப் பல நாள் ஆகிறது. கடையில் சோலி என்று எழுதினால் அது இன்னொரு பொய்யாகும்.

நான் பொய் சொல்லவேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. நீ ரயிலேறிய அதே வாரத்தில், ஏலம் நடந்துகொண்டிருந்த இடத்தில், கம்பம் வியாபாரி சுருளிவேல் மாமா என்னிடம், "என்ன மாப்ளே, வீட்டுல ஆளக் காணோமாம்ல?" என்று கேட்டார். நான் உண்மையைத்தான் சொல்ல ஆரம்பித்தேன். "டாக்டர் பட்டம் வாங்குனா மாமா, அது விசயமா பட்டணத்துல..." என்று தொடங்கினேன். சுற்றிலும் விலை கூவுகிற சத்தம். அவர் காதில் டாக்டர் என்கிற ஒரு சொல்தான் விழுந்தது. என் தோளில் கையை வைத்து, "டாக்டருக்குத்தானே? பட்டணத்துலயே காட்டுறது நல்லது. கல்யாணமாகி ரெண்டு வருசம் ஆச்சுல்ல" என்றார்.

நான் தலையை ஆட்டிவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது.

ஏன் ஆட்டினீர்கள் என்று நீ கேட்பாய். இல்லை என்று சொல்லியிருந்தால், படிப்பு இன்னும் முடியவில்லையா என்று கேட்பார். முடிந்தது என்றால், அப்போது உத்தியோகமா என்பார். உத்தியோகம் என்றால் வாத்தியாரா, பாடம் நடத்துகிறாளா என்பார். நீ மாணவியும் இல்லை, ஆசிரியையும் இல்லை. அடுத்த வருடம் அங்கே இருப்பாயா என்பதும் உறுதியில்லை. இப்படி ஒன்றுக்காகக் கட்டின மனைவியை ஒருவன் தனியாக அனுப்பிவைத்திருக்கிறான் என்பதை அந்தக் கூட்டத்தில் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நோயாளி மனைவி என்றதும் எல்லோர் முகத்திலும் இரக்கம் வந்தது. அது எனக்கு வசதியாக இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது.

சாயங்காலத்துக்குள் அந்தப் பேச்சு தேவாரம் போய்விட்டது. அம்மா மறுநாளே பஸ்ஸேறி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அந்த நேரத்திலாவது சொல்லியிருக்கலாம். அழுகிறவரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று நினைத்தேன். பிறகு நாளாக ஆக, சொல்வது இன்னும் கடினமாகிவிட்டது.

ஆனி ஆடிக்குள் எப்படியும் சொல்லிவிடுவேன். அதுவரை நீ பொறுத்துக்கொள்ளவேண்டும்.

சௌந்தரபாண்டியன்


சென்னை
14-4-1956

அன்புள்ள அத்தானுக்கு,

பொறுத்துக்கொள் என்றீர்கள். பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். இப்போது ஒரு காரியம் வந்திருக்கிறது.

சித்திரைக் கடைசியில் பேராசிரியரும் ஆராய்ச்சிக்கூடத்து ஆட்கள் இரண்டு பேரும் நானும் மலைக்கு வருகிறோம். தேமல் கண்ட செடிகளைப் பிடுங்கி எறிந்த தோட்டத்திலும் மறுபடி நோய் வருகிறது. சுற்றியுள்ள சோலைக்காட்டில் வேறு ஏதாவது செடியில் அது தங்கியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். போடிமெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட் பங்களாவில் தங்குவோம். இந்தப் பதவி ஒரு வருடத்துக்குத்தான். அடுத்த வருடமும் நீட்டிப்பார்களா என்பது இந்த மலைவேலையைப் பொறுத்தது.

மதுரையிலிருந்து ஜீப்பில் வருகிறோம். போடி வழியாகத்தான் மலையேற வேண்டும். நம் தெருவைத் தாண்டித்தான் வண்டி போகும்.

வீட்டுக்கு வரலாமா? என் வீட்டுக்கு வர நான் உங்களைக் கேட்டு எழுதவேண்டியிருக்கிறது.

சந்திரவல்லி


போடிநாயக்கனூர்
22-4-1956

சந்திராவுக்கு,

நீ வரும் செய்தி படித்தேன். வரவேண்டும் என்றுதான் மனம் சொல்கிறது.

ஆனால் அம்மா வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு அக்கினிச்சட்டி எடுப்பதாக உன் பேரில் நேர்ந்துகொண்டிருக்கிறார்கள். காப்புக் கட்டியாகிவிட்டது. போடியிலிருந்து நடந்தே போவதாக வேண்டுதல். இந்த வயதில் வேண்டாம் என்று நானும் தங்கை வீட்டாரும் சொல்லிப் பார்த்தோம். "என் மருமகளுக்காக நான் எடுக்குறேன், உங்களுக்கு என்ன?" என்கிறார்கள். நீங்கள் வருவதும் அந்தத் திருவிழா நாளாகத்தான் இருக்கும்போல் தெரிகிறது. அந்த நேரத்தில் நீ நல்ல உடம்போடு ஆண்களோடு ஜீப்பில் வந்து இறங்கினால், ஊர் அம்மாவைத்தான் பார்த்துச் சிரிக்கும்.

இந்த ஒரு தடவை மட்டும் வீட்டுக்கு வரவேண்டாம். வண்டி கடைவீதியைத் தாண்டும்போது முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொள். திருவிழா முடிந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

இப்படி எழுதுகிறவன் மேல் உனக்கு என்ன மதிப்பு இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

சௌந்தரபாண்டியன்


போடிமெட்டு
11-5-1956

அத்தானுக்கு,

இதை ஜீப்பு டிரைவரிடம் கொடுத்து அடிவாரத்துத் தபாலில் போடச் சொல்கிறேன்.

நீங்கள் சொன்னபடி செய்தேன். அதற்கு மேலும் செய்தேன். தேனி ரோட்டில் போடிக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போதே எதிரே மஞ்சள் சேலைக் கூட்டம் வந்தது. கையில் வேப்பிலை, தலையில் ஈரத்துண்டு. ரோடு நிறைய ஆட்கள் இருந்ததால் வண்டி ஊர்ந்துதான் போக முடிந்தது. அந்தக் கூட்டத்தில் அத்தை வந்தார்கள். காலில் செருப்பில்லை. தார் உருகிக் கிடந்தது. நின்று நின்று நடந்தார்கள்.

வண்டியை நிறுத்தச் சொல்லியிருக்கவேண்டும். நான் குனிந்துகொண்டேன். பேனா கீழே விழுந்துவிட்டதுபோலக் காலடியில் தேடினேன். நீங்கள் சொன்ன கடைவீதி அப்போது வரவே இல்லை. அங்கே குனியச் சொல்லி யாரும் எனக்கு எழுதவில்லை. நானாகத்தான் குனிந்தேன்.

போடிக்குள் வந்ததும் பேராசிரியர், "உங்கள் ஊர்தானே அம்மா? வீட்டில் ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போவோமே" என்றார். எல்லோரும் திருவிழாவுக்குப் போய்விட்டார்கள் என்றேன். சொல்லி முடித்த கையோடு முந்தானையைத் தலைக்குப் போட்டேன். அவர் அதைப் பார்த்தார். நீங்கள் கடை வாசலில் தராசுப் பக்கம் நின்றீர்கள். வண்டியைப் பார்த்ததும் உள்பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

மேலே வந்தால், களை எடுக்க வந்திருந்த பேச்சி என்னை அடையாளம் கண்டுகொண்டாள். நம் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவள். எல்லோர் முன்னாலும், "நோவு நல்லாயிருச்சா தாயி? இந்த ஏத்தத்துல ஏறலாமா நீங்க?" என்று என் வயிற்றைப் பார்த்துக் கேட்டாள். உங்களுக்கு என்ன நோய் என்று பேராசிரியர் கேட்டார். காய்ச்சல் வந்திருந்தது என்றேன். பொய் எனக்கு இப்போது சுலபமாக வருகிறது.

காட்டுச் செடிகளில் தேமல் கண்ட இலைகள் கிடைத்திருக்கின்றன. வேலை நன்றாக நடக்கிறது. சந்தோஷப்பட முடியவில்லை.

சந்திரவல்லி


போடிநாயக்கனூர்
21-5-1956

அன்புள்ள சந்திராவுக்கு,

நான் திரும்பிக்கொண்டது உண்மை. நீ முந்தானையைப் போட்டதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன். என் மனைவி திருடியைப்போல என் கடையைக் கடந்து போனாள், அப்படிப் போகச் சொன்னவன் நான் என்பது அந்த நேரத்தில்தான் உறைத்தது. பக்கத்தில் கணக்குப்பிள்ளை நின்றார். வெயிலில் கண் கூசுகிறது என்று அவரிடம் சொல்லி முகத்தைத் துடைத்தேன்.

அம்மா சட்டி எடுத்துவிட்டு மாட்டுவண்டியில் திரும்பி வந்தார்கள். இரண்டு பாதமும் கொப்புளம். இத்தனை நாள் படுக்கையில்தான் இருக்கிறார்கள். நான்தான் மஞ்சளும் எண்ணெயும் போட்டுவிடுகிறேன். அந்தக் காலைத் தொடும்போதெல்லாம் சொல்லிவிடவேண்டும் என்று வாய்வரை வருகிறது.

ஒரு விஷயம் எனக்குப் புரியவில்லை. முன்பெல்லாம் தபால்காரர் தெருவில் வந்தாலே, "அவ கடுதாசி வந்துச்சா?" என்று கேட்பார்கள். கோயிலுக்குப் போய்வந்ததிலிருந்து உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. நானாக உன் பேரை எடுத்தாலும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்கள். அசதியாக இருக்கும் என்று நினைக்கிறேன். எழுந்து நடக்கட்டும், பிறகு சொல்கிறேன்.

சௌந்தரபாண்டியன்


சென்னை
9-8-1956

அத்தானுக்கு,

அத்தை எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டதாகத் தங்கப்பாண்டி எழுதிய கார்டு மூலம் தெரிந்துகொண்டேன். நீங்கள் எழுதவில்லை. இன்னும் சொல்லவில்லை என்று அதற்கு அர்த்தம் எடுத்துக்கொண்டேன்.

பதவியை அடுத்த வருடமும் நீட்டிப்பது பற்றிப் பேராசிரியர் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். வேலையில் குறை சொல்லவில்லை. ஆனால் மலையில் பார்த்தது அவர் மனதில் இருக்கிறது. சொந்த ஊரில் தலையை மூடிக்கொண்டு போனது, வீட்டில் ஆளில்லை என்றது, இல்லாத நோயைச் சொன்னது எல்லாவற்றையும் சேர்த்து, நான் வீட்டாருக்குத் தெரியாமல் ஓடி வந்தவள் என்று அவர் நினைக்கிறார். அதை நேராகச் சொல்ல அவருக்கே சங்கடமாக இருந்தது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "நாளைக்கு யாராவது வந்து கேட்டால் பல்கலைக்கழகத்துக்குத்தான் பெயர் கெடும். உங்கள் கணவரிடமிருந்து சம்மதம் என்று ஒரு வரி வாங்கிக் கொடுங்கள்" என்றார்.

மலைக்கு வந்த மற்ற இருவரிடம் அவர் எந்தச் சம்மதமும் கேட்கவில்லை. கோபம் வந்தது. ஆனால் அவரை அப்படி நினைக்க வைத்தது நான்தான். எந்த முகத்தோடு கோபப்படுவது? மாதக் கடைசிக்குள் அது வேண்டும்.

சந்திரவல்லி


போடிநாயக்கனூர்
14-8-1956

அன்புள்ள சந்திராவுக்கு,

நீ கேட்டது இத்துடன் இருக்கிறது. என் முழுச் சம்மதத்தோடும் மகிழ்ச்சியோடும் என் மனைவி ஆராய்ச்சி செய்கிறாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எழுதும்போது பெருமையாகவும் இருந்தது. உடனே கொடுத்துவிடு.

அம்மாவிடம் சமயம் பார்த்துச் சொல்கிறேன்.

சௌந்தரபாண்டியன்


சென்னை
18-8-1956

அத்தானுக்கு,

நீங்கள் அனுப்பியதைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். முன்பின் தெரியாத பேராசிரியரிடம் பெருமையோடு சொல்ல முடிகிறது. எனக்காகக் கால் கொப்புளிக்க நடந்தவரிடம் சொல்ல முடியவில்லை. அத்தைக்குத் தெரியாத சம்மதம் எனக்கு வேண்டாம்.

இந்தப் பதவி போனால் போகட்டும். இன்னொருவருக்குக் கிடைக்கும். நான் ஊருக்கு வந்து, வைத்தியம் பலிக்கவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன்.

சந்திரவல்லி


போடிநாயக்கனூர்
25-8-1956

அன்புள்ள சந்திராவுக்கு,

சொல்லிவிட்டேன்.

நேற்றுக் காலை அம்மா முற்றத்தில் ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். எதிரே போய் உட்கார்ந்தேன். "சந்திராவுக்கு நோவு ஒண்ணுமில்லம்மா. அவ வைத்தியத்துக்குப் போகல" என்றேன். அவர்கள் கை நிற்கவில்லை.

"தெரியும்" என்றார்கள்.

அவர்களே பேசினார்கள். "தேனி ரோட்டுல ஜீப்புல போனது அவதான? என் மருமகள எனக்குத் தெரியாதா? நோவுக்காரி மாதிரியா இருந்தா? என்னையப் பாத்துட்டுத்தான் குனிஞ்சா. மஞ்சச் சேலையும் வெறுங்காலுமா நிக்கிற கெழவிய, இதுதான் எங்க அத்தைன்னு அந்தப் பெரிய மனுசங்ககிட்டச் சொல்ல அவளுக்கு வெக்கமா இருந்துச்சாக்கும்னு நெனச்சேன்."

உன்னை அப்படிப் போகச் சொன்னது நான் என்றேன். நோவில்லை என்று தெரிந்த பிறகும் ஏன் கோயில்வரை நடந்தீர்கள் என்று கேட்டேன். "வேண்டுனது வேண்டுனதுதான? பாதியில திரும்ப முடியுமா? சட்டியக் கையில வச்சுக்கிட்டு ஆத்தாகிட்ட என்னத்தக் கேக்குறதுன்னுதான் தெரியல" என்றார்கள்.

நீ செய்யும் வேலையை எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். நம் மலையில் தேமல் விழுந்து அழிந்த தோட்டங்கள் அவர்களுக்குத் தெரியும். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இதச் சொல்றதுக்கு உனக்கு என்னடா வந்துச்சு?" என்றார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடித்திருந்தால்கூடத் தேவலை.

பிறகுதான் அழுதார்கள். என்னை நினைத்து அல்ல. "கோயிலுக்குப் போற எடமெல்லாம், தண்ணி எடுக்குற எடமெல்லாம், அவளுக்கு வயித்துல கோளாறுன்னு சொல்லிச் சொல்லி அழுதிருக்கேன். ஒரு குத்தமும் இல்லாத பிள்ளைய ஊரு வாயில போட்டுட்டேன். அவ மொகத்துல எப்பிடி முழிப்பேன்? அவ வர்றன்னைக்கு நான் தேவாரத்துக்குப் போயிர்றேன்" என்றார்கள். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. துணிகளை ஒரு பையில் எடுத்துவைத்திருக்கிறார்கள்.

இன்று ஏலத்தில் சுருளிவேல் மாமாவிடமும் சொன்னேன். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்ப வைத்தியம் ஒனக்குத்தான் பாக்கணும் மாப்ளே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நின்று கேட்டுக்கொண்டேன். ஏலம் முடியும்வரை அங்கேயே நின்றேன்.

சம்மதத்தைப் புதிதாக எழுதி அனுப்பியிருக்கிறேன். இதில் மகிழ்ச்சி, பெருமை என்றெல்லாம் எழுதவில்லை. அதற்கு எனக்கு இன்னும் தகுதி வரவில்லை. உன் பேரும் என் பேரும் ஊரும் மட்டும் இருக்கின்றன.

சௌந்தரபாண்டியன்


சென்னை
12-9-1956

அன்புள்ள அத்தானுக்கு,

அடுத்த வருடக் கடைசிவரை பதவியை நீட்டித்திருக்கிறார்கள். பேராசிரியரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, தன்னுடைய சந்தேகத்துக்கு வருத்தம் சொன்னார். எனக்கு அதைக் கேட்கவும் வெட்கமாக இருந்தது.

உங்கள் மேல் கோபம் தீர்ந்துவிட்டது என்று எழுத மாட்டேன். தீர நாளாகும். பூஜை விடுமுறைக்குப் போடி வருகிறேன். பகல் ரயிலில் வருகிறேன், ஸ்டேஷனிலிருந்து நடந்து வருகிறேன். நீங்கள் வந்தால் சேர்ந்து நடக்கலாம்.

கீழே இருப்பதை அத்தைக்கு வாசித்துக் காட்டுங்கள். உங்களைப் பற்றியும் இருக்கிறது. விட்டுவிட்டு வாசிக்காதீர்கள்.

அத்தை, உங்கள் மருமகள் எழுதுகிறேன். உங்கள் மகன் கோழைத்தனமாக நடந்துகொண்டார். இதை அவர் வாயாலேயே நீங்கள் கேட்கவேண்டும் என்றுதான் எழுதுகிறேன். ஆனால் ரோட்டில் நான் குனிந்ததை அவர் தலையில் போட முடியாது. உங்களைப் பார்த்து வெட்கப்பட்டு நான் குனியவில்லை, அத்தை. எனக்காக நீங்கள் நடக்கிறீர்கள், நான் வண்டியில் போகிறேன். அதை நீங்கள் பார்த்துவிடக் கூடாதே என்று பயந்து குனிந்தேன். நீங்கள் பார்த்துவிட்டீர்கள். அதற்குப் பிறகும் எனக்காக நடந்திருக்கிறீர்கள்.

என் வயிற்றைப் பற்றி ஊரில் பேசியதாக அழுதீர்களாம். நானும்தான் தங்கப்பாண்டியிடம் ஊசி போடுகிறார்கள் என்று சொன்னேன். பிள்ளை பிறக்குமா பிறக்காதா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதைப் பற்றி ஊர் கேட்டால், தெரியாது என்று சொல்லிவிடுவோம்.

தேவாரத்துக்குப் போய்விடாதீர்கள். எடுத்துவைத்த துணியைத் திரும்பக் கொடியில் போட்டுவிடுங்கள். உங்கள் முகத்தில் விழிக்க எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. அந்தக் கூச்சம் போனபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தால் நாம் பார்க்கவே மாட்டோம். வருகிறேன். நீங்கள் சோறு போடுங்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாவிட்டால் இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவோம்.

உங்கள்
சந்திரவல்லி